அயர்லாந்து விடுதிப் பிள்ளைகளிடம் துறவற சபைகள் கேட்ட மன்னிப்பு: நாம் சொல்லிக்கொடுக்கும் பாவசங்கீர்த்தன விதிப்படி அது தேறுமா?

அந்தோணி_தூத்துக்குடி:

அயர்லாந்தில் அநாதை இல்லங்களையும் தொழிற்பள்ளிகளையும் நடத்திய கத்தோலிக்கத் துறவற சபைகள், அங்கே பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளுக்காக முப்பது வருடங்களாக மன்னிப்புக் கேட்டுவருகின்றன. இரக்கத்தின் சகோதரிகள் சபை 1996ல் கேட்டது, 2004ல் மறுபடியும் கேட்டது. கிறிஸ்தவ சகோதரர்கள் சபை 1998ல் கேட்டது, 2009ல் மறுபடியும். நடுவில் 1999 மே 11ம் தேதி பிரதமர் பெர்ட்டி ஆகர்ன் அரசின் சார்பில் கேட்டார். இத்தனைக்குப் பிறகும் அந்த இல்லங்களில் வளர்ந்தவர்கள் ஏன் ஆறவில்லை, இன்னும் என்னதான் வேண்டுமாம் என்று நம் ஆட்களே கேட்பதைப் பல குழுக்களில் பார்க்கிறேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 1868ம் வருடச் சட்டத்தின் கீழ் அயர்லாந்தில் தொழிற்பள்ளிகள் தொடங்கின. பெயர்தான் பள்ளி. நீதிமன்றம் பிள்ளையை அனுப்பும், அரசு தலைக்கு இவ்வளவு என்று வாரம்தோறும் பணம் கொடுக்கும், சபை நடத்தும். பதினாறு வயது வரை உள்ளே இருக்க வேண்டும். உள்ளே போன பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். அம்மாவோ அப்பாவோ இறந்துவிட்டது, வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை, பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை, கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்தது, இவ்வளவுதான் காரணம்.

1999ல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் ஆர்.டி.ஈ. தொலைக்காட்சிக்காகச் செய்த ஆவணத்தொடர் நாட்டையே உலுக்கியது. விசாரணை ஆணையம் அமைந்தது. முதலில் தலைமை தாங்கிய நீதிபதி மேரி லஃபாய் 2003ல் விலக, நீதிபதி ஷான் ரயன் பொறுப்பேற்றார். 2009 மே 20ம் தேதி அறிக்கை வந்தது, ஐந்து தொகுதிகள். ஆணையத்தின் ரகசியக் குழு முன்னால் மட்டும் 1,090 பேர் வந்து பேசினார்கள், 216 நிறுவனங்களைப் பற்றி. அடியும் உதையும் எப்போது விழும், எதற்கு விழும் என்று தெரியாத பயத்திலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஆண் பிள்ளைகளின் இல்லங்களில் பாலியல் கொடுமை ஊறிப்போயிருந்தது, கல்வித்துறை சபைகளுக்குப் பணிந்துபோய்க் கண்காணிக்கும் கடமையைக் கைவிட்டது என்றெல்லாம் அறிக்கை எழுதியது.

இனி என் கருத்து. முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, தயாராகும் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, ஐந்து காரியம் வேண்டும்: செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அதற்காக மனஸ்தாபப்படுவது, இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை எடுப்பது, குருவிடம் மறைக்காமல் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது பரிகாரத்தை, தீர்ப்பது. ஒன்று குறைந்தாலும் குறைதான் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம். அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளுக்கும் இதையேதான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்த ஐந்தை வைத்துச் சபைகளின் மன்னிப்பைப் பார்ப்போம் என்கிறேன். மனஸ்தாபம் இருந்திருக்கலாம், அதை அளக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் மறைக்காமல் சொன்னார்களா? அபராதம் தீர்த்தார்களா?

கதிரவன்:

நான் கிறிஸ்தவன் இல்லை, இருந்தாலும் அந்தக் கடைசி இரண்டு கேள்விக்கும் ஆவணங்களில் பதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

2002 ஜூனில் 18 சபைகள் அயர்லாந்து அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. சபைகள் 128 மில்லியன் யூரோ கொடுக்கும், அதில் ரொக்கமும் உண்டு, நிலம் கட்டடமும் உண்டு. அதற்குப் பதிலாக, பாதிக்கப்பட்டவர்கள் இனி வழக்குப் போட்டால் அந்தச் செலவை அரசு ஏற்கும். தேர்தல் முடிந்து புது அரசு பொறுப்பேற்கும் தறுவாயில், கல்வி அமைச்சராக இருந்த மைக்கேல் வூட்ஸ் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. கடைசியில் ஆன மொத்தச் செலவு சுமார் 1.5 பில்லியன் யூரோ. 2015 முடியும்வரை சபைகள் கொடுத்தது அதில் 13 சதவீதம் என்று அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் 2017ல் கணக்குக் காட்டினார். எழுதிக்கொடுத்த சொத்துகள் சில அரசின் கைக்கு முழுதாக வந்து சேரப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது.

அடுத்தது மறைக்காமல் சொல்வது. 2004ல் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை ஆணையத்தின் மேலேயே வழக்குப் போட்டது. அதன் விளைவாகக் குற்றம் சாட்டப்பட்ட பிரதர்களின் (அந்தச் சபைத் துறவிகளின்) பெயர்கள் அறிக்கையில் வராமல் போயின. அத்தனை பெரிய அறிக்கையைப் புரட்டினால் மாற்றுப் பெயர்கள்தான் வருகின்றன. 1998ல் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்ட அதே சபை ஆறு வருடம் கழித்து இதைச் செய்தது.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க அரசு அமைத்த நிவாரண வாரியத்தில் பணம் வாங்கியவர்கள், யாரையும் எந்த இல்லத்தையும் அடையாளம் காட்டும்படி அதை வெளியில் சொன்னால் குற்றம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 15,000 பேருக்கு மேல் வாங்கினார்கள், சராசரியாக 62,000 யூரோ. சின்ன வயதில் வாயைத் திறந்தால் அடி, கிழவயதில் வாயைத் திறந்தால் வழக்கு. இதை எப்படி நியாயம் என்று ஏற்க முடியும்?

செபஸ்தியான்_ஆசிரியர்:

தம்பி அந்தோணி, கதிரவன், இருவரும் சொன்ன தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் சிஸ்டர்மார் பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

அந்தக் காலத்தில் அயர்லாந்து மிகவும் ஏழை நாடு. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்ய ஆளில்லாமல் சபைகள் தலையில் கட்டியது. ஒரு சிஸ்டர் நூறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அடிப்பது அன்று எல்லா வீட்டிலும் எல்லாப் பள்ளியிலும் இருந்தது. இன்றைய கண்ணால் அன்றைய காலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா? இரக்கத்தின் சகோதரிகள் சபையைத் தொடங்கிய அன்னை கேத்தரின் மெக்காலே, தனக்கு வந்த சொத்தையெல்லாம் போட்டு 1827ல் டப்ளினில் ஏழைப் பெண்களுக்காக வீடு திறந்தவர். அந்தச் சபையில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஆயிரக்கணக்கான நல்ல கன்னியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் வைப்பது பாவம் இல்லையா?

வளர்மதி:

செபஸ்தியான் சார், வணக்கம். உங்கள் வயதுக்கு மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நானும் போர்டிங்கில் வளர்ந்தவள், தென் மாவட்டத்தில். எங்கள் வார்டன் சிஸ்டர் தங்கமானவர், என் கல்யாணத்துக்கு வந்து தலையில் கைவைத்துப் பிரார்த்தித்தார். அதே விடுதியில் இன்னொருவர் இருந்தார், படுக்கையை நனைத்த பிள்ளைகளை ஈரத் துணியோடு வராந்தாவில் நிற்க வைப்பார். தங்கமானவருக்கு அது தெரியும். ஒன்றும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் அவரிடம் கேட்டதும் இல்லை, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ரயன் அறிக்கையில் படுக்கை நனைத்த பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இந்த வழக்கம் அங்கே இல்லத்துக்கு இல்லம் இருந்திருக்கிறது. யாரோ ஒரு கெட்டவர் தனியாகச் செய்த காரியம் அல்ல அது.

'அந்தக் காலம்' என்கிறீர்கள். அன்றைய அயர்லாந்திலேயே அடிப்பதற்கு விதிகள் இருந்தன சார். தண்டனைப் புத்தகம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்றும் விதி. அந்த விதிகள் மீறப்பட்டன, பல இடங்களில் புத்தகமே எழுதப்படவில்லை என்றுதான் ஆணையம் சொல்கிறது. அவர்கள் காலத்துக் கண்ணாலேயே பார்த்தாலும் அது தப்புதான். பாலியல் கொடுமையை எந்தக் காலமும் சரி என்று சொல்லவில்லை. தெரிந்தபோது அந்த பிரதரை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். தப்பு என்று தெரியாமலா மாற்றினார்கள்?

மேரி_டப்ளின்:

அந்தோணி அண்ணா, இந்த இழையைத் தொடங்கியதற்கு நன்றி. நான் இங்கே டப்ளினில் நர்ஸ். இந்த ஊர் வயசானவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்பவர்கள் குறைவு. 'உன்னை ஆர்ட்டேனுக்கு அனுப்பிவிடுவேன்' என்று சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டுவார்களாம். அந்தப் பெயரே பயம்.

ஆர்ட்டேன் என்பது டப்ளினின் வடபக்கம் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பெரிய தொழிற்பள்ளி, 1870 முதல் 1969 வரை. ஒரே நேரத்தில் 800 பையன்களுக்கு மேல் இருந்த காலம் உண்டு. அந்தப் பையன்களின் பேண்டு வாத்தியக் குழு குரோக் பார்க் மைதானத்தில் பெரிய இறுதிப் போட்டிகளுக்கு எல்லாம் வாசிக்கும். சீருடை, பளபளக்கும் பொத்தான், ஒழுங்கான நடை. நாடே எழுந்து நின்று கைதட்டும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். அந்தப் பிள்ளைகள் திரும்பி எங்கே போகிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். இதைச் சொன்ன ஒரு பாட்டி என் முன்னால் அழுதார்.

பெண் பிள்ளைகள் பக்கம் கோல்டன்பிரிட்ஜ். இங்கே இஞ்சிகோர் பகுதியில் இரக்கத்தின் சகோதரிகள் நடத்தியது. அங்கே பிள்ளைகள் செபமாலை கோத்தார்கள், விற்பனைக்கு. வார நாளில் ஒரு பிள்ளை 60 பத்து (பத்து மணி கோத்த பகுதி ஒரு பத்து) முடிக்க வேண்டும், சனிக்கிழமை 90. கம்பியை வளைத்து வளைத்து விரல் கிழியும். கணக்குக் குறைந்தால் அடி. இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து கையில் செபமாலை எடுக்கும்போதெல்லாம் இதைக் கோத்தது யார் என்று ஒரு கணம் மனசு போய் வருகிறது.

அந்தோணி_தூத்துக்குடி:

வளர்மதி, நீங்கள் இதை எழுதியது சின்ன விஷயம் இல்லை. நன்றிம்மா.

செபஸ்தியான் சாருக்கு: காலத்தைப் பற்றிச் சொன்னீர்கள், அந்தக் காலத்திலேயே எச்சரித்தவர் ஒருவர் இருக்கிறார், அதுவும் ஒரு குருவானவர். அருட்தந்தை எட்வர்ட் ஃபிளனகன், அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போய் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆதரவற்ற பையன்களுக்காகப் பாய்ஸ் டவுன் என்ற ஊரையே உருவாக்கியவர். 1946ல் தாய்நாட்டுக்கு வந்தார். தொழிற்பள்ளிகள் நடக்கிற விதம் நாட்டுக்கே அவமானம் என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார், இதை நடக்கவிடுவது நீங்கள்தான் என்று மக்களைப் பார்த்தே சொன்னார். என்ன நடந்தது தெரியுமா? நீதி அமைச்சர் ஜெரால்ட் போலண்ட் நாடாளுமன்றத்தில் அவர் மிகைப்படுத்திப் பேசுகிறார் என்று தள்ளிவிட்டார். ஃபிளனகன் 1948ல் இறந்தார். தொழிற்பள்ளிகளை மூடச் சொல்லி, அரசு அமைத்த கென்னடி குழு பரிந்துரை கொடுத்தது 1970ல். நடுவில் போன வருடங்களில் எத்தனை பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்திருப்பார்கள்.

பீட்டர் டைரல் என்பவரையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய லெட்டர்ஃபிராக் இல்லத்தில் 1924 முதல் 1932 வரை இருந்தவர். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தார். அந்தக் கைதி முகாம் லெட்டர்ஃபிராக்கைவிட எவ்வளவோ மேல் என்று எழுதினார். 1950களில் சபைக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் மேல் கடிதம் போட்டார். யாரும் செவிகொடுக்கவில்லை. 1967ல் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உடலை அடையாளம் காணவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு 2006ல்தான் புத்தகமானது.

ஆக, சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

அதே சமயம், ஒழுங்காக ஒப்புக்கொண்ட சபையும் ஒன்று உண்டு. கிளான்மெல் பக்கம் ஃபெரிஹவுஸ், கார்க் மாவட்டத்தில் அப்டன் என்று இரண்டு இல்லங்களை நடத்திய ரோஸ்மினி சபை. அங்கேயும் கொடுமை குறைவில்லை, அறிக்கையை வாசித்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் ஆணையத்தின் முன் வந்தபோது அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வழக்காடவில்லை. நடந்தது நடந்தது, ஏன் நடந்தது என்று நாங்களும் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்ற மனநிலையில் வந்தார்கள். ஆணையம் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது. கிறிஸ்தவ சகோதரர்களின் மன்னிப்பு ஜாக்கிரதையாக, நிபந்தனையோடு, தெளிவில்லாமல் இருந்ததாகவும் அதே ஆணையம்தான் எழுதியது. அதே நாடு, அதே காலம், அதே சட்டம். வித்தியாசம் எங்கே வந்தது? யார் வக்கீலை முன்னால் அனுப்பினார்கள், யார் தாங்களே முன்னால் வந்தார்கள் என்பதில்தான்.

ஜெனிஃபர்_மதுரை:

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன காரணங்களைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருந்திருக்கிறார்கள். பிறகு எப்படி விட்டார்கள்? வந்து கூட்டிக்கொண்டு போகவில்லையா?

மேரி_டப்ளின்:

ஜெனிஃபர், நல்ல கேள்வி. விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் தெருவில் வருவார். அவரைக் 'கொடுமைக்காரர்' என்றே ஏழைத் தெருக்களில் கூப்பிட்டார்கள், கொடுமையைத் தடுக்க வந்தவரைத்தான். அப்பா இறந்து அம்மா கூலி வேலைக்குப் போகிறாள் என்றால் கவனிப்பில்லாத பிள்ளை என்று எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார். நீதிபதி உத்தரவு போட்டால் பதினாறு வயது வரை முடிந்தது. கூட்டிக்கொண்டு போக அம்மா மந்திரிக்கு மனுப் போட வேண்டும். மனுப் போடத் தெரிந்தவர்களா அவர்கள்? பங்குச் சாமியார் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற நிலையிலும் இல்லை.

இல்லத்துக்குத் தலைக்குத்தான் பணம். பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பணம் நின்றுவிடும். அதே பணத்தில் ஒரு பகுதியை அந்தத் தாய்க்குக் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும். எனக்கு இதில்தான் ஆத்திரம் அதிகம். அண்ணன் ஓர் இல்லம், தங்கை ஓர் இல்லம் என்று பிரித்துவிட்டார்கள். அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அவள் உயிரோடு இருந்தாள் என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கன்னியர்மடத்திலிருந்து_ஒருவர்:

நான் துறவற சபையைச் சேர்ந்தவள். சபைப் பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்கு நிர்வாகி அனுமதித்ததற்கு நன்றி. இங்கே பேசப்படும் சபைகள் அல்ல எங்களுடையது, ஆனால் எங்கள் வேரும் அயர்லாந்தோடு தொட்டுக்கொண்டிருப்பதுதான். சென்னைக்கு 1842லேயே அயர்லாந்திலிருந்து பிரசன்டேசன் சகோதரிகள் கப்பலேறி வந்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் படித்த எத்தனையோ பெண்கள் அந்த மாதிரிப் பள்ளிகளில் படித்தவர்கள். அதனால் இது தூரத்துச் செய்தி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

செபஸ்தியான் ஐயா எங்களுக்காகப் பேசுகிறார், அவர் அன்பு புரிகிறது. ஆனால் நல்ல சிஸ்டர்கள் பெயரைச் சொல்லி இந்தக் குற்றத்தைச் சிறிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருப்பவளாகச் சொல்கிறேன், எங்களுக்குக் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு, அதாவது மூத்தவர்களுக்குக் கீழ்ப்படிவோம் என்ற சத்தியம், இருக்கிறது. மூத்தவர் செய்வதை இளையவள் கேள்வி கேட்பது சபைக்கு எதிரானது என்று நினைக்கும் பழக்கம் அந்த வார்த்தைப்பாட்டோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. சபையின் நல்ல பெயர் கடவுளின் பெயரோடு ஒன்றாகிவிடும். பார்த்தும் பேசாமல் இருந்த சிஸ்டர் கல்நெஞ்சுக்காரியாக இருந்திருக்கத் தேவையில்லை. பேசாமல் இருப்பதே புண்ணியம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வளர்மதி, உங்கள் வார்டன் சிஸ்டர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் எதையெல்லாம் பேசாமல் விட்டேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இரக்கத்தின் சகோதரிகள் 2004ல் கேட்ட மன்னிப்பை எங்கள் தியானத்தில் ஒருமுறை வாசித்தோம். 1996ல் கேட்ட மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர்கள் நிபந்தனையோடு கூடியதாக, குறையுள்ளதாகக் கண்டார்கள் என்று அவர்களே எழுதி, இம்முறை எந்த நிபந்தனையும் இல்லாமல் கேட்கிறோம் என்றார்கள். அன்று உங்களைக் காக்கத் தவறியதற்காக மட்டும் இல்லாமல், இன்று நீங்கள் பேசியபோது கேட்கத் தவறியதற்காகவும் மன்னிப்பு என்று இருந்தது. அந்த இரண்டாவதுதான் என்னைத் தைத்தது. கோல்டன்பிரிட்ஜில் வளர்ந்து, 1996ல் ஆர்.டி.ஈ. ஆவணப்படத்தில் துணிந்து முகம் காட்டிப் பேசிய கிறிஸ்டின் பக்லி போன்றவர்களை அன்று நம்பாதவர்கள் பல பேர். அவர் 2014ல் காலமானார். எட்டு வருடம் தாமதமாக வந்தாலும் அந்த வாக்கியம் வந்தது.

செபஸ்தியான்_ஆசிரியர்:

சிஸ்டர், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நல்லவர்களின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற பதைப்பு எனக்குப் போகாது, அது என் வாழ்க்கையோடு சேர்ந்தது. ஆனால் சகோதரியே அதைக் கேடயமாக்க வேண்டாம் என்று சொல்லும்போது நான் வைத்துக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை.

ஒரு கேள்வி மட்டும், அந்தோணி தம்பிக்கு. குற்றம் செய்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். இப்போது இருக்கும் சகோதரிகளும் பிரதர்களும் எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள். சபைகளே சுருங்கிவிட்டன. அபராதம் தீர்க்க வேண்டும் என்கிறீர்கள், இனி யார், எதைத் தீர்க்க முடியும்?

அந்தோணி_தூத்துக்குடி:

சார், நேர்மையான கேள்வி.

ஒன்று சொத்து. ஆள் இறந்தாலும் சபை இறக்கவில்லை, நிலம் அதன் பெயரில்தான் இருக்கிறது. 2009 அறிக்கைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் சபைகள் மேலும் 350 மில்லியன் யூரோவுக்கு மேல் தருவதாகச் சொன்னன. அந்த வருடம் ஜூன் மாதம் டப்ளினில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைச் செருப்புகளைக் கையில் ஏந்தி நாடாளுமன்றம் வரை நடந்த காலம் அது. கிறிஸ்தவ சகோதரர்கள் பள்ளி விளையாட்டு மைதானங்களைக் கொடுப்பதாகச் சொன்னது அப்போதுதான், பிறகு அந்த வாக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஊர் பார்க்கும்போது சொன்ன தொகையை ஊர் வேறு பக்கம் திரும்பியதும் குறைத்தால், அது தீர்க்காத அபராதம்தான். பைபிளில் வரும் வரிவசூலிப்பவன் சக்கேயு, இயேசு கூப்பிட்டதும் மரத்திலிருந்து இறங்கி வந்து ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இங்கே கேட்பது நாலு மடங்கு இல்லை, வாக்குக் கொடுத்ததை மட்டும்.

அடுத்தது ஏடுகள். பணத்தைவிட இது பெரிது என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது, கூடப் பிறந்தவர்கள் யார், அம்மா கடிதம் போட்டாளா என்பதெல்லாம் சபைகளின் பெட்டகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறது. அதைத் தேடி எழுபது வயதில் அலைகிறார்கள். ஆணையமும் நிவாரண வாரியமும் திரட்டிய ஆவணங்களை 75 வருடத்துக்குப் பூட்டிவைக்க அயர்லாந்து அரசு 2019ல் ஒரு மசோதாவே கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களும் வரலாற்று அறிஞர்களும் எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. ஒரு மனிதனுடைய குழந்தைப்பருவத்தின் காகிதத்தை அவன் கையில் கொடுக்க எண்பது வயதுச் சிஸ்டராலும் முடியும். அதற்கு உடம்பில் பலம் தேவையில்லை.

அப்புறம், 'இனிமேல் செய்வதில்லை' என்ற பிரதிக்கினை. விடுதிகளோடு முடிந்தது என்று நினைத்திருந்தார்கள். 2022ல் டப்ளினின் பிளாக்ராக் கல்லூரியில் படித்தவர்கள் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்க, அதை நடத்திய ஸ்பிரிட்டன் சபை மன்னிப்புக் கேட்டது. அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. அரசு மேற்கொண்டு விசாரித்தபோது 2024 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 308 பள்ளிகள், 884 பேர் மேல் 2,395 பாலியல் புகார்கள் இருந்தன. எல்லாம் துறவற சபைகள் நடத்திய பள்ளிகள். இதற்கென்று இப்போது புதிய விசாரணை ஆணையம். ரயன் அறிக்கை வந்த நாளிலேயே எல்லாச் சபைகளும் தங்கள் மற்றப் பள்ளிகளின் கோப்புகளையும் தாங்களாகவே திறந்திருந்தால் இந்த மனிதர்கள் இன்னும் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது.

கதிரவன்:

நம் ஊரைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் இரண்டு வரி. இந்தியாவில் 2015ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும், எந்த மதத்தார் நடத்தினாலும், பதிவு செய்தே ஆக வேண்டும். 2012ம் வருடப் போக்சோ சட்டப்படி குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098. அயர்லாந்தில் பல வருடங்கள் நாடு முழுவதற்கும் ஒரே ஒரு மருத்துவ ஆய்வாளர்தான் இந்த இல்லங்களைப் பார்த்துவந்தார். சட்டம் எழுதுவதோடு ஆளையும் போட வேண்டும்.

வளர்மதி:

சிஸ்டர் எழுதியதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் முன்னால் வந்து பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது சிஸ்டர்.

என் வார்டன் சிஸ்டர் இப்போது முதியோர் மடத்தில் இருக்கிறார், வயது எண்பத்தாறு. வருகிற மாதம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அந்த வராந்தாவைப் பற்றிக் கேட்பேன். அவரைக் குற்றம் சாட்ட அல்ல. அன்று நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.

கன்னியர்மடத்திலிருந்து_ஒருவர்:

போங்கள் வளர்மதி. மதியத்துக்கு மேல் போங்கள், காலையில் வயதானவர்கள் சோர்ந்திருப்பார்கள். முடிந்தால் அந்த இரண்டு பேரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிஸ்டர் நேராக அவரிடமே சொல்லட்டும்.